கிணறுகளின் வழியே எட்டு நாள்: மீஞ்சூர் முதல் திருச்செந்தூர் வரை

முதல் நாள் – மீஞ்சூர்

பையில் இருப்பவை இவ்வளவுதான்: 50 மீட்டர் அளவு நாடா, அதன் நுனியில் கட்ட ஒரு குண்டு, முகம் பார்க்கும் கண்ணாடி, 20 லிட்டர் வாளி, கடிகாரம், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் பேனா அளவு டி.டி.எஸ். மீட்டர் ஒன்று, ஒரு நோட்டு. கிணறு பார்க்கக் கிளம்புகிறவருக்கு இது போதும்.

குண்டுக்கு மட்டும் ஒரு பக்குவம் உண்டு. அதன் அடிப்பக்கம் குழிவாக இருக்க வேண்டும். இரும்புக் குழாய்த் துண்டின் மேல்வாயை அடைத்து, கீழ்வாயைத் திறந்து விட்டால் அதுவே குண்டு. தண்ணீரைத் தொட்டதும் 'ப்ளக்' என்று சத்தம் கேட்கும். நாடாவை ஓரங்குலம் மேலே இழுத்து மீண்டும் விடுங்கள். அதே இடத்தில் அதே சத்தம் வந்தால் அதுதான் நீர்மட்டம். கைப்பிடிச் சுவரில் பெயின்டால் ஒரு குறி போட்டு, எப்போதும் அந்தக் குறியிலிருந்தே அளக்க வேண்டும். அங்கிருந்து தரை வரைக்கும் உள்ள சுவர் உயரத்தைக் கழித்தால் தரையிலிருந்து எவ்வளவு ஆழம் என்று தெரியும். ஒரு தடவை கிழக்குப் பக்கம், அடுத்த தடவை மேற்குப் பக்கம் என்று அளந்து, 'அரை அடி ஏறியிருக்கிறது' என்று மகிழ்ந்து பயனில்லை. கண்ணாடி எதற்கென்றால், வெயிலைப் பிடித்து உள்ளே அடிக்க. டார்ச் விளக்கு காட்டாத ஊற்றுக்கண்ணையும் சுவர் விரிசலையும் அது காட்டிவிடும்.

மீஞ்சூரில் பயணத்தைத் தொடங்கக் காரணம் உண்டு. ஆரணியாறும் கொசஸ்தலையாறும் சேர்த்து வைத்த வண்டல் மணல் இது. 1960களில் ஆராயப்பட்டு, சென்னைக்கும் தொழிற்சாலைகளுக்கும் இங்கே பெரிய அளவில் இறைக்கத் தொடங்கினார்கள். 1969இல் கடற்கரையிலிருந்து சுமார் 3 கி.மீ. தூரத்தில் இருந்த உப்புநீர் எல்லை, 1983இல் சுமார் 7 கி.மீ. உள்ளே வந்துவிட்டது.

ஏன் வருகிறது? கடல்நீர் கனமானது, நல்ல தண்ணீர் அதன்மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் உயரத்துக்கு நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் வரை அது உப்புநீரை அழுத்தி வைத்திருக்கும் என்பது கணக்கு. அதையே திருப்பிப் போட்டால்தான் ஆபத்து விளங்கும். இறைத்து இறைத்து மேல்மட்டத்தை அரை மீட்டர் குறைத்தால், கீழே உப்பு 20 மீட்டர் மேலேறி வரும். உடனே வராது, மெதுவாக வரும். அதனால்தான் கண்டுபிடிக்கும்போது காலம் கடந்திருக்கும். நூறு குடம் நல்ல தண்ணீரில் இரண்டு குடம் கடல்நீர் கலந்தாலே குளோரைடு லிட்டருக்கு 380 மில்லிகிராம் கூடிவிடும். குடிநீருக்கு ஏற்ற அளவு 250.

ஆகவே கரையோர ஊர்களில் நீர்மட்டம் மட்டும் அளந்தால் போதாது, கிணற்றின் அடித்தண்ணீரையும் பார்க்க வேண்டும். வாளியில் மொண்டால் மேல்தண்ணீர்தான் வரும். ஒரு கண்ணாடிப் பாட்டிலின் கழுத்தில் ஒரு கயிறு, தக்கையில் இன்னொரு கயிறு, அடியில் ஒரு கல். மூடியபடியே அடிவரைக்கும் இறக்கி, தக்கைக் கயிற்றைச் சுண்டி இழுத்தால் அடித்தண்ணீர் நிரம்பும். மேலே 600, அடியில் 1,800 என்று டி.டி.எஸ். மீட்டர் காட்டினால் உப்பு கீழே காத்திருக்கிறது என்று பொருள். அப்போது செய்ய வேண்டியது, போரை இன்னும் ஆழமாக்குவது அல்ல. மோட்டாரை மேலே தூக்கி, சிறிய மோட்டாராக மாற்றி, இரண்டு மணி நேரத்தில் எடுத்ததை எட்டு மணி நேரத்தில் மெதுவாக எடுக்க வேண்டும். வேகமாக உறிஞ்சினால் மோட்டாருக்கு நேர் கீழே உப்புநீர் கூம்பாக எழும்பும். அதன்பின் மோட்டாரை நிறுத்தி மாதக்கணக்கில் காத்திருந்தாலும் அது முழுவதும் இறங்குவதில்லை.

இரண்டு ஆறுகளிலும் கட்டியிருக்கும் தடுப்பணைகளின் வேலை இதுவே. மழைக்காலத்தில் நல்ல தண்ணீரை நிறுத்தி வைத்து மேலிருந்து பாரம் கொடுப்பது.

இரண்டாம் நாள் – திருவான்மியூர், பெசன்ட் நகர்

அதே கடற்கரைதான், ஆனால் இங்கே மழை விழுந்தவுடன் கீழே இறங்கும் மணல் மேடு. மொட்டை மாடி மழைநீரைக் கிணற்றுக்குத் திருப்ப இதைவிட நல்ல இடம் கிடையாது. 2003இல் மாநிலம் முழுக்க எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் இடையே என்ன தவறியது என்பதைப் பல வீடுகளின் மாடிக் குழாயைப் பின்தொடர்ந்து போனாலே கண்டுபிடிக்கலாம்.

முதலில் கணக்கு. 1,000 சதுர அடி மாடி என்பது 93 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மி.மீ., வீணாவது போக ஐந்தில் நான்கு பங்கு கிடைத்தாலும் ஏறத்தாழ 1,04,000 லிட்டர். ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. கொட்டினால் அந்த மாடியிலிருந்து 4,650 லிட்டர் இறங்கும். 3 அடி விட்டம், 15 அடி ஆழத்தில் உறை இறக்கிய உறிஞ்சு கிணறு 3,000 லிட்டர் பிடிக்கும். மீதியை அந்த ஒரு மணி நேரத்திலேயே மணல் குடித்துவிடும். களிமண் பகுதி என்றால் குடிக்காது, அங்கே களிமண்ணைத் தாண்டி மணல் வரும்வரை துளை போட்டுக் குழாய் இறக்க வேண்டும். 'ரெடிமேட்' அளவில் எல்லா வீட்டுக்கும் ஒரே குழி போடுவதுதான் முதல் தவறு.

கிணறு இருக்கும் வீட்டில் மாடித் தண்ணீரை வடிகட்டித் தொட்டி வழியாக நேராகக் கிணற்றுக்கே விடலாம். தொட்டியில் கீழே 40 மி.மீ. ஜல்லி, அதன்மேல் 20 மி.மீ. ஜல்லி, நைலான் வலை, அதன்மேல் ஓரடி ஆற்றுமணல். வலை வைக்காவிட்டால் மணல் ஜல்லிக்குள் இறங்கி, இரண்டே மழையில் தொட்டி அடைத்துக்கொள்ளும். கிணற்றுக்குள் நுழையும் குழாய் சுவரோடு ஒட்டி முடியக் கூடாது. ஒன்றரை அடி உள்ளே நீட்டி, கீழ்நோக்கி வளைக்க வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் சுவரில் வழிந்து உறை இணைப்புகளை அரிக்கும். வாசல், கார் நிறுத்தும் இடத்துத் தண்ணீரில் எண்ணெயும் குப்பையும் கலந்திருக்கும். அது உறிஞ்சு குழிக்குத்தான், கிணற்றுக்கு ஒருபோதும் இல்லை.

அடிக்கடி காணும் கோளாறுகள்: மாடிக்குழாயைக் கழிவுநீர்க் குழாயோடு இணைத்திருப்பது, வடிகட்டி மணலை மாற்றாமலே விட்டிருப்பது, குழியின்மேல் டைல்ஸ் போட்டு மூடிவிட்டு எங்கே இருக்கிறது என்றே மறந்துபோவது. ஆவணியில் ஒரு நாள் ஒதுக்கி, மேல் மணல் மூன்று அங்குலத்தை வழித்தெறிந்து, புது மணல் போட்டு, மாடியைப் பெருக்கிவிட்டால் ஐப்பசி மழைக்கு வீடு தயார்.

மழைக்குப் பின் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போடுவார்கள். பெரும்பாலும் கை அளவுதான், கணக்கு கிடையாது. விட்டத்தை மீட்டரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, நீரின் ஆழத்தால் பெருக்கி, 785ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். 3 மீட்டர் விட்டம், 2 மீட்டர் தண்ணீர் என்றால் 14,130 லிட்டர். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பவுடர் வீதம் 35 கிராம் போதும். வாளியில் குழைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் இறக்கிக் கலக்கி, ஒரு மணி நேரம் விட வேண்டும். காற்று பட்டு ஈரமான பழைய பவுடரில் குளோரின் போயிருக்கும். அதை எவ்வளவு கொட்டினாலும் வெள்ளைச் சேறுதான் மிஞ்சும்.

மூன்றாம் நாள் – உத்திரமேரூர் வழியாக நெய்வேலி

உத்திரமேரூரில் கொஞ்ச நேரம்தான். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, ஆண்டுதோறும் குடவோலையில் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களில் ஏரிவாரியத்தையும் சேர்த்துச் சொல்கிறது. ஏரிக்கென்று தனியாகப் பொறுப்பாளர்கள் இருந்தார்கள் என்பதே இன்றைக்கும் கவனிக்க வேண்டியது. ஏரியின் கீழிருக்கும் கிணறுகளுக்கெல்லாம் அந்த ஏரிதான் தாய்.

நெய்வேலியில் நிலைமை தலைகீழ். கடலூர் மணற்கல்லில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் அழுத்தத்தோடு அடைபட்டுக் கிடக்கிறது. அழுத்தத்தைக் குறைக்காமல் தோண்டினால் சுரங்கத்தின் தரையே பிளந்துகொண்டு தண்ணீர் பீறிடும் என்பதால் சுரங்கத்தைச் சுற்றி இடைவிடாமல் இறைக்கிறார்கள். இந்தப் பக்கத்து ஊர்களில் ஒரு காலத்தில் போர் போட்டால் மோட்டார் இல்லாமலே தானாகப் பொங்கி வழிந்தது.

மணல் அடுக்குகளில் ஆழ்துளைக் கிணறு அமைப்பது பாறையில் போர் போடுவது போல அல்ல. பாறையில் துளை தானாக நிற்கும், மணலில் சரியும். அதனால் அடி வரை குழாய், நீர் தரும் மணல் அடுக்குக்கு நேராக மட்டும் சல்லடைக் குழாய், இரண்டுக்கும் வெளியே கூழாங்கல் உறை. துளை குழாயைவிடச் சுற்றிலும் 3 அங்குலமாவது பெரிதாக இருக்க வேண்டும். கூழாங்கல்லின் அளவு அங்கிருக்கும் மணலின் சராசரி அளவைப் போல 4 முதல் 6 மடங்கு. அதைவிடப் பெரிதாகப் போட்டால் மணல் நுழையும், சிறிதாகப் போட்டால் தண்ணீர் வராது. கருங்கல் ஜல்லியைக் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். முனை கூரான ஜல்லி சரியாகப் படியாது, வெற்றிடம் விடும். உருண்டைக் கூழாங்கல்தான் வேண்டும்.

குழாய் இறக்கிய அன்றே முழுவேகத்தில் மோட்டார் ஓட்டக் கூடாது. கம்ப்ரசரால் விட்டு விட்டு ஊதி, சல்லடையைச் சுற்றியுள்ள பொடிமணலை வெளியேற்ற வேண்டும். வாளியில் பிடித்துப் பத்து நிமிடம் வைத்தால் அடியில் மணல் தங்கக் கூடாது, அதுதான் அளவுகோல். இதைச் சுருக்கிக்கொண்ட கிணறு ஆறு மாதத்தில் தண்ணீரைத் தள்ளும் சுழல்சக்கரமான மோட்டார் இம்பெல்லரைத் தின்றுவிடும். மேல் 20 அடிக்குக் குழாயைச் சுற்றிச் சிமென்ட் அடைப்பும் கட்டாயம். அது இல்லாவிட்டால் வயல் தண்ணீரும் சாக்கடையும் குழாயோரமாகவே கீழே இறங்கும்.

நான்காம் நாள் – கொள்ளிடம், திருவெள்ளறை

ஆற்றுமணலின் மதிப்பை லாரி லோடில் கணக்கிடுகிறார்கள், லிட்டரில் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். ஒரு எக்டேர் மணல், ஒரு மீட்டர் கனம். அதிலிருந்து வடித்தெடுக்கக்கூடியது சுமார் ஐந்தில் ஒரு பங்கு: 20 லட்சம் லிட்டர். ஒவ்வொரு வெள்ளத்திலும் அது மீண்டும் நிரம்பும். அந்த மணலை ஒருமுறை அள்ளினால் ஒவ்வோர் ஆண்டும் அவ்வளவு தண்ணீர் போகிறது என்று அர்த்தம். காவிரி, கொள்ளிடப் படுகையில் நிற்கும் சேகரிப்புக் கிணறுகள் நடுவில் ஒரு கான்கிரீட் உறையும், அதிலிருந்து சக்கரத்து ஆரங்கள் போல மணலுக்குள் நீளும் சல்லடைக் குழாய்களும் கொண்டவை. ராமநாதபுரம் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வரைக்கும் இந்தப் படுகைதான் தருகிறது. ஆற்றின் தரை இறங்கினால் அந்தக் குழாய்களுக்கு மேலிருக்கும் நனைந்த மணல் மெலியும். வடிகட்டும் கனம் குறைவதால் தண்ணீரின் அளவு மட்டுமல்ல, தரமும் கெடும்.

திருவெள்ளறையில் மாற்பிடுகு பெருங்கிணறு. பல்லவன் தந்திவர்மன் காலத்தில் கம்பன் அரையன் வெட்டுவித்தது, ஆயிரத்து இருநூறு ஆண்டுப் பழமை. மேலிருந்து பார்த்தால் ஸ்வஸ்திக வடிவம், நான்கு பக்கமும் படிகள், ஒரு படித்துறையில் இருப்பவர் இன்னொரு துறையில் இருப்பவருக்குத் தெரியமாட்டார். கிணற்றுப் பராமரிப்புக்காரர் கண்ணுக்குத் தெரிவது வேறொன்று: படிகளே அளவுகோல். இத்தனையாவது படியில் தண்ணீர் என்று எந்தக் குழந்தையும் சொல்லிவிடலாம். நாம் கிணறுகளை மூடி, போருக்குள் தண்ணீரை ஒளித்து வைத்த பிறகு, அது எவ்வளவு இறங்கியது என்று ஊருக்கே தெரியாமல் போனது.

ஐந்தாம் நாள் – திருச்செங்கோடு

ரிக் வண்டிகளின் ஊர். இங்கிருந்து கிளம்பும் வண்டிகள் இந்தியா முழுக்கத் துளையிடுகின்றன. தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் நான்கில் மூன்று பங்கு கடும்பாறை என்பதால் இன்றைக்குக் கொஞ்சம் நிதானமாகவே எழுத வேண்டும்.

நேற்றைய மணல் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். சிதைந்த பாறையிலிருந்து வடித்தெடுக்கக்கூடியது சுமார் நூறில் இரண்டு பங்கு. ஒரு எக்டேர், ஒரு மீட்டர் கனத்துக்கு 2 லட்சம் லிட்டர், மணலில் பத்தில் ஒன்று. இதன் விளைவு விசித்திரமானது. 20 மி.மீ. மழைநீர் உள்ளே இறங்கினால் மணலில் நீர்மட்டம் 10 செ.மீ. ஏறும், பாறையில் 1 மீட்டர் ஏறும். ஒரே மழையில் கிணறு நிரம்பி வழிவதைப் பார்த்து 'ஊற்று பிரமாதம்' என்று வாழைக்கு மாறுகிறவர்கள், மாசியில் அதே வேகத்தில் இறங்குவதைப் பார்ப்பார்கள். பானை சிறியது, அதனால்தான் சீக்கிரம் நிரம்பியது.

துளையிடும்போது உரிமையாளர் பக்கத்தில் நின்று எழுத வேண்டியவை: ஒவ்வொரு 10 அடிக்கும் வெளிவரும் தூளின் நிறம், எத்தனை நிமிடம் ஆனது, எந்த அடியில் புழுதி நின்று ஈரம் வந்தது. தூளை வரிசையாகச் சிறு குவியல்களாக வைத்தால் பாறை மாறும் இடம் கண்ணுக்கே தெரியும். இந்தக் குறிப்பு இல்லாத போரில் பின்னாளில் மோட்டாரை எங்கே நிறுத்துவது என்று யாராலும் சொல்ல முடியாது.

துளையின் மேல்பகுதி சரியாமல் தாங்கும் வெளிக்குழாயான கேசிங்தான் பெரும்பாலான தகராறுகளுக்குக் காரணம். அடிக்கு இவ்வளவு என்று விலை என்பதால் மிச்சம் பிடிக்கத் தோன்றும். மேல்மண், சுக்கான், சிதைந்த பாறை மூன்றையும் தாண்டி, உறுதியான பாறைக்குள் இரண்டடியாவது கேசிங் உட்கார வேண்டும். பாதியில் நிறுத்தினால் ஒவ்வொரு மழைக்கும் செம்மண் கரைந்து இறங்கும், ஒரு நாள் சரளை விழுந்து மோட்டாரையும் குழாயையும் கவ்விக்கொள்ளும். அப்போது மிச்சம் பிடித்தது போக மோட்டாரும் போகும்.

அடுத்தது 'எத்தனை இஞ்ச் தண்ணி?' என்ற கேள்வி. சிலர் குழாய் விட்டத்தைச் சொல்வார்கள், சிலர் வி-வடிவில் வெட்டிய பலகை வழியாகத் தண்ணீர் வழியும்போது அந்த வெட்டில் அது நிற்கும் உயரத்தைச் சொல்வார்கள். எது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். 90 பாகை வி-பலகையில் ஓரங்குலம் என்பது நிமிடத்துக்கு சுமார் 8.5 லிட்டர். இரண்டங்குலம் அதைப் போல இரண்டு மடங்கல்ல, ஐந்தரை மடங்குக்கு மேல்: 48 லிட்டர். மூன்றங்குலம் 130 லிட்டரைத் தாண்டும். ஓரங்குலம் என்றால் முகம் வாடிப்போய் இன்னும் 300 அடி போகச் சொல்கிறார்கள். அந்த ஓரங்குலம் ஒரு நாளைக்கு 12,000 லிட்டர். ஒரு குடும்பத்துக்கு ஆயிரம் லிட்டர் தாராளம். சிறு மோட்டாரும் மேல்தொட்டியும் போதும், இன்னொரு துளை வேண்டாம். ஆழம் கூடக் கூடப் பாறையின் விரிசல்கள் இறுகிக்கொண்டே போகும். 1,000 அடியில் கிடைப்பது பெரும்பாலும் நெடுங்காலம் தேங்கிய தண்ணீர், அதை மழை எளிதில் ஈடுகட்டாது.

கம்ப்ரசர் ஊதும்போது தெரியும் அளவை நம்பி மோட்டார் வாங்கக் கூடாது. விரிசலில் தேங்கியிருந்த நீரும் சேர்ந்து வரும். தற்காலிக மோட்டார் இறக்கி மூன்று நான்கு மணி நேரம் ஓட்டி, மட்டம் ஓரிடத்தில் நிலைத்து நிற்கும் வேகம் எதுவோ அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு ஏற்ற மோட்டார் போட வேண்டும். அடியிலிருந்து 10, 15 அடி மேலே தொங்கவிட வேண்டும். சேறு தங்க இடம் வேண்டுமே. குழாய் இறக்கும்போதே முக்கால் அங்குல பி.வி.சி. குழாய் ஒன்றை அடியில் மூடி போட்டு, கடைசிச் சில அடிகளில் துளையிட்டு, கூடவே கட்டி இறக்கிவிடுங்கள். நாடா அதன் வழியாக இறங்கும், மோட்டார் கேபிளில் சிக்காது. சில நூறு ரூபாய் வேலை. போர் போட்ட பின் இதைச் செய்ய மொத்தக் குழாயையும் மேலே எடுக்க வேண்டும்.

தண்ணீர் வராத போரை அப்படியே விட்டுப்போவது மன்னிக்க முடியாத குற்றம். 2010இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: கேசிங் வாயை இரும்புத் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும் அல்லது போல்ட் போட்டு மூட வேண்டும், சுற்றிலும் தரைக்கு மேல் 30 செ.மீ., கீழ் 30 செ.மீ. சிமென்ட் மேடை, வேலை நடக்கும்போது வேலி, கைவிட்ட துளையை அடியிலிருந்து தரை வரை களிமண், மணல், கல் கொண்டு நிரப்ப வேண்டும். சாக்கை வைத்துக் கட்டுவதும் கல்லை உருட்டி வைப்பதும் மூடுவது ஆகாது. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் ஒரு குழந்தையை இழந்தோம். இன்றைக்குப் போகும் வழியில் திறந்த குழாய் ஒன்றைப் பார்த்தால், அங்கேயே நின்று ஊராட்சிக்குச் சொல்லிவிட்டுப் போங்கள்.

ஆறாம் நாள் – பல்லடம், பொள்ளாச்சி

பாறையைச் சதுரமாகவும் வட்டமாகவும் வெட்டிய பெரிய கிணறுகள். பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனம் நான்கு மண்டலங்களுக்கு முறைவைத்துத் தண்ணீர் விடுகிறது. தன் மண்டலத்து முறை வரும்போது வாய்க்கால் ஓரக் கிணறுகளும் ஏறுவதை இங்குள்ள உழவர்கள் நன்றாக அறிவார்கள்.

கிணற்றின் உண்மையான சுரப்பை அறிய எளிய வழி: மோட்டாரை நிறுத்திவிட்டுக் கடிகாரத்தோடு உட்காருங்கள். 8 மீட்டர் விட்டக் கிணற்றின் பரப்பு சுமார் 50 சதுர மீட்டர். பத்து நிமிடத்தில் மட்டம் 1 செ.மீ. ஏறினால் 500 லிட்டர், நிமிடத்துக்கு 50. மோட்டார் நிமிடத்துக்கு 400 லிட்டர் எடுத்தால் மீதி எல்லாம் கிணற்றில் சேர்ந்திருந்த இருப்பு. மும்முனை மின்சாரம் வந்ததும் தானே ஓடத் தொடங்கும் ஆட்டோ ஸ்டார்ட்டர் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. நள்ளிரவில் கிணற்றை வறளவிட்டு, காற்றை இழுத்து, காயிலையும் எரித்துவிடும். மட்டம் குறைந்ததும் நிறுத்தும் சென்சார் இல்லாமல் ஆட்டோ போடவே கூடாது.

வயல் ஓடை நீரைக் கிணற்றுக்குள் விடும் வேலை இப்போது பரவலாக நடக்கிறது. நல்ல வேலைதான், ஆனால் தவறாகச் செய்தால் செய்யாமலே இருந்திருக்கலாம் என்றாகிவிடும். ஒரு ஏக்கரில் 50 மி.மீ. மழை பெய்து ஐந்தில் ஒரு பங்கு ஓடினாலும் 40,000 லிட்டர். அது செஞ்சேறாக வரும். நேராக விட்டால் அந்த வண்டல் ஊற்றுக்கண்களைப் பூசி அடைத்துவிடும். முதலில் 6 அடிக்கு 6 அடி, 5 அடி ஆழத்தில் வண்டல் குழி. அதை அடுத்து வடிகட்டிக் குழி: அடியில் தலையளவு கல், பிறகு 40 மி.மீ. ஜல்லி, பிறகு சிறு ஜல்லி, மேலே பெருமணல். அங்கிருந்து 6 அங்குலக் குழாய், கிணற்றுச் சுவரைத் தாண்டி இரண்டு மூன்றடி உள்ளே நீட்டி. குழிக்கு முன் ஒரு திருப்பு மடை கட்டாயம். முதல் மழையை வெளியே தள்ளிவிட வேண்டும், ஏனென்றால் அதில்தான் உரமும் மருந்தும் வரும். மடையைத் திறக்க, மூட ஆள் இல்லாத இடத்தில் இந்த அமைப்பை வைக்காதீர்கள். மணல் மேல்பகுதி ஒவ்வொரு பெருமழைக்கும் பிறகு பிசுபிசுப்பாகப் படிந்திருக்கும். கையால் ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள், சேறு விரலிடுக்கில் வந்தால் வழிக்க வேண்டிய நேரம்.

தூர் வார இறங்குவது பற்றி ஓர் எச்சரிக்கை. நாள்பட்ட கிணற்றில் அடியில் கரியமில வாயு தங்கியிருக்கும். விளக்கை இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். அணைந்தால் இறங்கவே கூடாது. அணையாவிட்டாலும் முழுப் பாதுகாப்பு இல்லை, நச்சு வாயுக்களில் சிலவற்றை விளக்கு காட்டாது, எரியும் வாயு இருந்தால் விளக்கே ஆபத்து. முதலில் ஊதுவிசிறியால் காற்றடித்து, இடுப்பில் கயிறு கட்டி, மேலே இருவர் நிற்க, ஒருவராக இறங்க வேண்டும். டீசல் இன்ஜினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டுவது சாவை அழைப்பது. ஒருவர் மயங்கியதும் காப்பாற்ற இறங்கும் இரண்டாமவரையும் சேர்த்தே இழக்கிறோம்.

ஏழாம் நாள் – கீழடி, ராமநாதபுரம், ராமேஸ்வரம்

கீழடி அகழாய்வில் கிடைத்த சுடுமண் உறைக்கிணறுகளைப் பார்த்துவிட்டு, ஊருக்குள் கான்கிரீட் உறை அடுக்கியிருப்பதைப் பார்த்தால், வேலை மாறவில்லை என்று புரியும். உறையை வைத்து உள்ளே தோண்டத் தோண்ட அது தன் பாரத்தில் இறங்கும், மேலே அடுத்த உறை.

கிழக்கே போகப் போகத் தரைக்கடியில் உப்பு. அதனால்தான் ராமநாதபுரத்தில் குடிக்க ஊரணி. வெயில் ஆண்டுக்கு ஒன்றரை மீட்டருக்கு மேல் குடித்துவிடும், ஆகவே ஊரணி அகலமாக இருப்பதைவிட ஆழமாக இருப்பது நல்லது. ஆனால் எல்லை உண்டு. எந்திரம் வைத்துத் தூர் வாரும்போது வண்டலோடு அடியிலிருக்கும் களிமண் படுக்கையையும் பெயர்த்துவிட்டால், ஒன்று தண்ணீர் நிற்காது, அல்லது கீழே உள்ள உப்பு மேலே வரும். ஓரமாக நான்கு இடங்களில் கடப்பாரையால் குத்திப் பார்த்து, களிமண் எந்த ஆழத்தில் தொடங்குகிறது என்று முளை அடித்துக் குறித்த பிறகே எந்திரம் இறங்க வேண்டும். வரத்துக்கால் வாயில் ஒரு வண்டல் குழி, கரையில் புல், சுற்றிலும் வேலி, கரையோரம் மணல் சூழ்ந்த உறைக்கிணறு ஒன்று. குடம் அந்தக் கிணற்றில்தான் இறங்க வேண்டும், ஊரணிக்குள் கால் வைக்கக் கூடாது.

ராமேஸ்வரத்தில் கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள். நாலாபுறமும் கடல் சூழ்ந்த தீவின் மணலில், மழைநீர் ஒரு வில்லை போல உப்பின்மேல் மிதக்கிறது. மீஞ்சூரில் எழுதியது இங்கே இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும்: ஆழம் குறைவான கிணறுகள் பல, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக.

எட்டாம் நாள் – திருச்செந்தூர்

நாழிக்கிணறு கடலுக்கு எட்டிய தூரத்தில், படியிறங்கிப் போகும் சின்னஞ்சிறு சதுரம். தண்ணீர் குடிக்க நன்றாக இருக்கிறது. மேற்கே தேரி விரிந்து கிடக்கிறது, செம்மணல் காடு. அதன்மேல் விழும் மழை ஓடையாக ஓடுவதில்லை, நேராக இறங்குகிறது. தேரியின் விளிம்பில், மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில், அப்படி இறங்கியது சுனையாக வெளிவருகிறது. சுனையைக் காக்க வேண்டுமென்றால் சுனையைச் சுற்றிச் சுவர் கட்டினால் ஆகாது, அதற்குப் பின்னால் உள்ள மணல் மேட்டைக் காக்க வேண்டும். மணலை அள்ளினாலும், அதன்மேல் ஆழ்துளைகளை நெருக்கமாகப் போட்டாலும், முதலில் வற்றுவது விளிம்பில் இருக்கும் சுனைதான்.

நோட்டில் ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு பக்கம். மேலே பெயின்ட் குறி எந்தப் பக்கம், சுவர் உயரம் எவ்வளவு. கீழே தேதி, காலை மோட்டார் போடுவதற்கு முன் மட்டம், மேல் உப்பு, அடி உப்பு, அந்த மாத மழை. மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஜனவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என்று ஆண்டுக்கு நான்கு முறை அளக்கிறது. அதே மாதங்களில் அளந்தால் வாரியத்தின் எண்ணோடு ஒப்பிடலாம். ஊரில் பத்துக் கிணறு போதும்: மேட்டில் இரண்டு, பள்ளத்தில் இரண்டு, ஏரிக்குக் கீழே இரண்டு, மீதி நடுவில். மே மாத ஆழத்தில் ஜனவரி ஆழத்தைக் கழித்துப் பாருங்கள். மூன்று ஆண்டு சேர்ந்ததும், எந்தக் கிணறு முதலில் இறங்குகிறது, எந்த வரப்புக்கு அப்பால் இருக்கும் போர் ஓடும்போது எது இறங்குகிறது என்று எண்களே சொல்லிவிடும். அதை ஊராட்சி அலுவலகச் சுவரில் கரும்பலகையில் எழுதி வையுங்கள், எல்லோருக்கும் தெரிகிற உயரத்தில்.